அஞ்சரை நூல் வண்டி

எங்கள் ஆபீஸில் யாருக்கும் அளவு தெரியாது. வீட்டுப் பிளான் போட்டுக் கொடுக்கிற ஆபீஸைப் பற்றித்தான் சொல்கிறேன். ராஜபாளையத்தில், பஞ்சு மார்க்கெட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு உரக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து பதினோரு வருஷமாக அங்கே கம்ப்யூட்டரில் படம் வரைகிறேன். முதலாளி எஞ்சினியர். வீட்டுக்காரம்மாவைத் தெலுங்கிலும் எங்களைத் தமிழிலும் திட்டுவார். பென்சில் காலத்து ஆள். மௌஸைத் தொட்டதே கிடையாது. எனக்குப் பின்னால் நின்றுகொண்டு "அதைத் தள்ளு, இதைச் சுருக்கு" என்று சொல்லுவதோடு சரி.

வரைகிற மென்பொருளுக்கு அடியும் தெரியாது, மீட்டரும் தெரியாது. ஒன்று என்று கொடுத்தால் அதற்கு ஒன்று, அவ்வளவுதான். அது ஒரு இஞ்சா, ஒரு மில்லிமீட்டரா என்று நாம்தான் முதலில் சொல்லி வைக்க வேண்டும். எங்கள் ஆபீஸில் அதை ஒருத்தரும் சொல்லி வைத்ததில்லை. எல்லாப் படமும் ஒரே பழைய ஃபைலைக் காப்பி எடுத்து வரைந்தது. கட்டில், கதவு, கார், வாஷ்பேசின் என்று ஒரு தடவை வரைந்து சேமித்துக்கொண்டு தேவைப்படுகிற இடத்தில் எடுத்து வைப்போமே, அந்த ப்ளாக்குகள் ஒன்று இஞ்சில் இருக்கும், ஒன்று மில்லிமீட்டரில் இருக்கும், ஒன்று எதிலுமே இருக்காது. எடுத்து வைத்தால் கட்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு வரும், இல்லையென்றால் தெரு அளவுக்கு வரும். வந்ததை எல்லாரும் கண்ணால் பார்த்தே சரி பண்ணுவார்கள். எஞ்சினியரின் வேதமும் அதுதான்: "பொருந்துற வரைக்கும் சுருக்கும்மா."

அப்படிப் பொருத்திய வீடுகள் ஊருக்கு நாலு இருக்கின்றன. சுந்தரபாண்டியத்தில் ஒரு வீட்டுக்கு கார் நிறுத்த இடம் காட்டினோம். படத்தில் கார் அழகாக உள்ளே நின்றது. இன்றைக்கும் அந்த வீட்டுக் காரின் டிக்கி தெருவில்தான் நிற்கிறது. அது எனக்கு முன்னால் இருந்தவர் போட்ட படம். அந்த வழியாகப் போகிறபோதெல்லாம் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் வரும்.

ஏனென்றால் நான் அப்படியில்லை. வேலைக்குச் சேர்ந்த ரெண்டாவது மாசமே உட்கார்ந்து ஒவ்வொரு ப்ளாக்காகத் திறந்து அளந்து சரி பண்ணினேன். இருபத்தைந்து புள்ளி நாலு என்று ஒரு காகிதத்தில் எழுதி மானிட்டரில் ஒட்டினேன். ஒரு இஞ்சுக்கு அத்தனை மில்லிமீட்டர். "இருபத்தஞ்சுனு வச்சுக்கிட்டா என்னக்கா?" என்று கேட்ட ஒரு பிள்ளையை அழ வைத்திருக்கிறேன். அளவில் பொய் சொல்கிறவன் எதிலும் பொய் சொல்லுவான் என்று அப்போது சொன்னேன். ஊருக்குத்தான் உபதேசம்.

அந்த உபதேசம் எனக்கே மறந்துபோனது ஒரு மம்சாபுரத்துக்காரர் விஷயத்தில். மில்லில் ஃபிட்டராக இருந்தவர். பைபாஸில் லாரி மோதி இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. வீல்சேரில்தான் எல்லாம். பழைய வீடு படியும் வாசலுமாக இருக்கிறது என்று புது வீடு கட்ட வந்தார்கள். அவரும் அவருடைய தம்பியும். எங்கள் ஆபீஸுக்குப் பதினேழு படி. அவரால் ஏற முடியாது. அதனால் ஆட்டோவில் வந்து உரக்கடை வாசலில் இருந்துகொண்டு எஞ்சினியருக்கு போன் போடுவார். எஞ்சினியர் போனை மூடிக்கொண்டு என்னைப் பார்ப்பார். நான் பிரிண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்க வேண்டும்.

முதல் நாளே சண்டை. படத்தை மடியில் விரித்துச் செத்த நேரம் பார்த்தார்.

"இதுல நான் எங்கட்டி இருக்கேன்?"

"ஏட்டினு மரியாதையில்லாமக் கூப்பிடாதீங்க" என்றேன்.

"கட்டில் இருக்கு, பீரோ இருக்கு, டிவி கூட இருக்கு. என் வண்டி எங்கே?"

வீல்சேர் ப்ளாக் எங்களிடம் கிடையாது என்று சொன்னேன். "அப்ப அள" என்றார். நடுத்தெருவில், உரமூட்டை இறக்குகிறவர்கள் வேடிக்கை பார்க்க, அவர் கால்மாட்டில் குத்தவைத்து டேப்பைப் பிடித்தேன். கால் வைக்கிற தட்டையும் சேர்த்து நீளம் நாற்பத்திரண்டு இஞ்சு. கைப்பிடி வளையத்தோடு அகலம் இருபத்தாறு. பிரிண்டின் மூலையில் எழுதச் சொன்னார். எழுதினேன். "கட்டில் நாலடி அகலம். அதையும் எழுது" என்றார். ஒருத்தருக்கு மூன்றடி போதுமே என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஆஸ்பத்திரியில ஏழு மாசம் தனியாப் படுத்துக் கெடந்தேன். இனிமே தனியாப் படுக்க மாட்டேன். எம் பொண்டாட்டியும் பக்கத்துல படுப்பா. எழுதுதியா, இல்ல உங்க எஞ்சினியரக் கூப்பிடவா?"

உரமூட்டைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. நாலடி என்று எழுதி, பிரிண்டை அவரிடமே கொடுத்துவிட்டு மேலே ஏறினேன். பதினேழு படியும் அவரைத் திட்டிக்கொண்டே ஏறினேன்.

ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. இணையத்தில் ஒரு வீல்சேர் ப்ளாக்கைத் தேடி எடுத்து அவர் வீட்டுப் படத்தில் வைத்தேன். அது மில்லிமீட்டரில் வரைந்தது, என் படம் இஞ்சில். நான் யூனிட்டை மாற்றாமலே வைத்துவிட்டேன். கிட்டத்தட்ட எண்பத்தொன்பது அடி நீளத்துக்கு ஒரு வீல்சேர் வந்து அவர் வீடு, பக்கத்து மனை, எதிர்த் தெரு எல்லாவற்றின் மேலும் ஏறி நின்றது. அவருடைய குணத்துக்கு அதுதான் சரியான அளவு என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு யூனிட்டைச் சரி பண்ணி, நீளம் நாற்பத்திரண்டு, அகலம் இருபத்தாறு, ஒரு இம்மி பிசகாமல் வைத்தேன். அவர் படுக்கிற அறை ஒன்பதடி அகலம். கட்டில் நாலடி போக மிச்சம் ஐந்தடி. அந்த ஐந்தடிக்குள் வண்டி வந்து, தானே திரும்பி, சுவரில் இருக்கிற பாத்ரூம் கதவுக்குள் போகும். யாரும் தூக்க வேண்டாம், யாரையும் கூப்பிட வேண்டாம். அந்த வீட்டைக் கட்டுவதே அதற்காகத்தான்.

ஒரு வாரம் கழித்துத் தம்பி மட்டும் மேலே வந்தார். கையில் மனையடி சாஸ்திரப் புத்தகம். மூலையெல்லாம் மஞ்சள் தடவியிருந்தது. அறையின் உள்ளளவு ஒன்பதடி ஆகாதாம். எட்டு நல்லது, பத்து நல்லது, பதினொன்று நல்லது. ஒன்பது மட்டும் கூடவே கூடாது.

"பழைய வீட்டுலயும் அண்ணன் படுத்த ரூம் ஒம்பதுதான் சார். அளந்து பாத்தேன். அந்த ரூமுக்குப் போன பொறவுதான் இப்படி ஆச்சு." அதைச் சொல்லும்போது அவர் குரல் ஒரு மாதிரியாகிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. அண்ணனை ஆட்டோவில் தூக்கி வைக்கிறதும் இறக்குகிறதும் அவர்தான். அதனால் அவரோடு சண்டை போடவும் முடியவில்லை.

பத்தாகப் போட்டுவிடலாம் என்றேன். அதற்கும் வழியில்லை. மனை குறுகல். ஹாலும் அறையும் சேர்ந்து உள்ளே பத்தொன்பது அடிதான். அறையைப் பத்தாக்கினால் ஹால் ஒன்பதாகிவிடும். எட்டும் பதினொன்றும் என்றால்தான் ரெண்டும் நல்ல அளவு. எட்டை ஹாலுக்குக் கொடுக்கத் தம்பி ஒத்துக்கொள்ளவில்லை, நாலு பேர் வந்தால் உட்கார வேண்டுமாம். புத்தகம் எங்களை அப்படி மடக்கி வைத்திருந்தது.

எட்டடியில் கட்டில் போக நாலடிதான் மிச்சம், நாற்பத்தெட்டு இஞ்சு, வண்டி திரும்பாது என்று சொன்னேன். மூலைக்கு மூலை வண்டியே நாற்பத்தொன்பது இஞ்சுக்கு மேலே இருக்கிறது, இடிக்காமல் திரும்ப ஐந்தடி வேண்டும்.

தம்பி இறங்கிப் போனதும் எஞ்சினியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரு இஞ்சுதானேம்மா. ப்ளாக்தானே. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்காட்டு. அண்ணங்காரர் சமாதானமாயிருவார்."

முடியாது என்றுதான் சொன்னேன். அதைச் சொன்னது காலையில். மத்தியானம் மம்சாபுரத்துக்காரர் வந்துவிட்டார். கீழே போனேன். பாத்ரூம் கதவு உள்பக்கம் திறக்கிற மாதிரி போட்டிருந்தேன். உள்ளே திறந்தால் வண்டிக்கு இடிக்கும், வெளியே திறக்க வேண்டும். அது என் தப்புதான், ஒரு நிமிஷத்து வேலை. ஆனால் அவர் டீக்கடை வரைக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினார்.

"ஏசியில உக்காந்து பொம்ம போடுதவளுக்கு என்னட்டி தெரியும்? ஒரு செவுரு கட்டிப் பாத்திருக்கியா? ஒரு நாளு இதுல உக்காந்து பாத்திருக்கியா?"

எங்கள் ஆபீஸில் ஏசி கிடையாது. மேலே வந்தேன். தண்ணீர் குடித்தேன். அறையை எட்டடியாக்கினேன். வீல்சேரைத் தேர்ந்தெடுத்து, ஸ்கேல் என்ற கட்டளையைக் கொடுத்து, புள்ளி எட்டு என்று அடித்து என்ட்டர் தட்டினேன். அஞ்சில் ஒரு பங்கு குறைந்து வண்டி அந்த நாலடிக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றிலும் வட்டம் போட்டு, திரும்புகிற அம்புக்குறியும் போட்டேன்.

எஞ்சினியர் சொன்னதற்காகச் செய்தேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இல்லை. அந்த என்ட்டரைத் தட்டும்போது மனசு குளிர்ந்தது. இவ்வளவுதான்டா நீ என்று சொன்ன மாதிரி இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் தெரியாமல் சுருக்கினார். நான் இத்தனை வருஷம் கற்ற வித்தையை வைத்து, தெரிந்து சுருக்கினேன்.

மறுநாள் அண்ணனும் தம்பியும் வந்தார்கள். எட்டு என்று பார்த்ததும் அவருக்கு முகம் கறுத்தது. தம்பி குனிந்து, "பாருண்ணே, வண்டி திரும்புது, வட்டம் போட்டிருக்காங்கள்ல" என்றார். அவர் தம்பியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"அளந்தது நீதான. திரும்புமா?"

அன்றைக்கு ஏட்டி போடவில்லை. அதைக் கவனித்தேன். கவனித்தும், "படத்துல போட்டிருக்கேன்ல, பாருங்க" என்றேன்.

வேறு எதையும் நம்பாத மனிதர். கம்ப்யூட்டரை நம்பவில்லை, எஞ்சினியரை நம்பவில்லை, புத்தகத்தையும் நம்பவில்லை. கால்மாட்டில் குத்தவைத்து டேப் பிடித்தவளை நம்பினார் போலிருக்கிறது. பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

நாலு மாசம் போயிற்று. அந்த நாலு மாசமும் மம்சாபுரம் பஸ் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளுவேன். சொல்லியிருக்கலாம். அஸ்திவாரம் போடுகிற வரைக்கும் தினமும் சொல்லியிருக்கலாம். அவர் போட்ட சத்தத்தைத் தினமும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுவேன், கோபம் வரும், அன்றைய நாள் ஓடிவிடும்.

ஒரு நாள் எஞ்சினியருக்கு போன் வந்தது. பேசி முடித்துவிட்டு என் மேஜைக்கு வந்தார். "மம்சாபுரத்துல உன்னைய வரச் சொல்றாரு. நீயே போய்ப் பேசிட்டு வந்துரும்மா." படத்தில் எஞ்சினியர் என்று கையெழுத்துப் போட்டவர் அவர், ஆனால் பேச வேண்டியது நான்.

போனேன். மேலே கூரை போட்டாயிற்று, பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. அறைக்குள் தரை போட்டிருந்தார்கள். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் சுவரோரம் உட்கார்ந்திருந்தார். வண்டி காலியாகப் பக்கத்தில் நின்றது. தரையில் சுவரிலிருந்து நாலடி தள்ளி ஒரு வரிசை செங்கல் அடுக்கியிருந்தார். அதுதான் கட்டில். மனைவி வாசலில் கொத்தனாருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த அம்மாவை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறேன். ஒல்லியாக, சின்ன உருவமாக இருந்தார்.

அவர் கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். அவர் கத்தவில்லை. மடியில் கையெழுத்துப் போட்ட பிரிண்டும் அதற்கு அடியில் முதல் நாள் பிரிண்டும் இருந்தன. சட்டைப் பையிலிருந்து ஃபிட்டர்கள் வைத்திருக்கிற இரும்பு ஸ்கேலை எடுத்து நீட்டினார்.

"படத்துல ஒரு அடிக்கு எம்புட்டு?"

"கால் இஞ்சு. ரெண்டு நூல்." இஞ்சில் எட்டில் ஒரு பங்குதான் நூல். பட்டறையில் அப்படித்தான் சொல்லுவார்கள்.

"வண்டி மூணரை அடி. அப்ப எத்தன நூல் இருக்கணும்?"

"ஏழு."

"அள."

அளந்தேன். தெரிந்ததைத்தான் அளந்தேன். "அஞ்சரை" என்றேன்.

முதல் நாள் பிரிண்டை எடுத்து, மூலையில் நாற்பத்திரண்டு, இருபத்தாறு என்று எழுதியிருந்த இடத்தை விரலால் காட்டினார். "இது யாரு கையெழுத்து?"

"என்னுதுதான்."

"ஏறி உக்காரு."

எனக்குப் புரியவில்லை. வண்டியைக் கண்ணால் காட்டினார். உட்கார்ந்தேன். வளையத்தைப் பிடித்து முன்னால் தள்ளினேன். செங்கலுக்கும் சுவருக்கும் நடுவே போனேன். கதவுக்கு நேராக வந்ததும் ஒரு சக்கரத்தைப் பிடித்து மறு சக்கரத்தைத் தள்ளினேன். கால் தட்டு சுவரில் இடித்தது. பின்னால் வந்தேன், செங்கல் சரிந்தது. மறுபடி தள்ளினேன், கதவு நிலையில் முழங்கை சிராய்த்தது. ஒரு இஞ்சு. ஒரு இஞ்சுதானே என்று எஞ்சினியர் சொன்ன இஞ்சு. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பூசுகிறவர் கரண்டியை வைத்துவிட்டுப் பார்த்தார். எழுந்திருக்கலாம், எனக்குக் கால் இருக்கிறது, ஆனால் அவர் சொல்லாமல் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

"தெரியாமப் போட்டியா, தெரிஞ்சு போட்டியா?"

எஞ்சினியர் பெயரைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. "தெரிஞ்சுதான்" என்றேன்.

"தெரியாமப் போட்டிருந்தா நாலு வார்த்த வஞ்சு அனுப்பியிருப்பேன்." ஸ்கேலை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்குள் தம்பி வந்துவிட்டார். நானே சொன்னேன். வண்டியைச் சின்னதாக வரைந்துவிட்டேன், சுவரை ஒரு அடி தள்ளினால்தான் திரும்பும் என்றேன். அவர் என்னைத் திட்டவில்லை. "செவுத்த இடிக்கவா? இடிச்சு ஒம்பதாக்கவா? அது மட்டும் நடக்காது" என்றார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பி, ரொம்ப லேசாக, எல்லாருக்கும் நல்ல வழி கண்டுபிடித்துவிட்ட மாதிரி சொன்னார்: "நாலடிக் கட்டிலுக்குப் பதிலா மூணடிக் கட்டில் போட்டாப் போச்சு. அஞ்சடி கெடைச்சிரும்லா."

கணக்கு சரி. எட்டில் மூன்று போனால் ஐந்து. எனக்குத் தெரியாத கணக்கா அது? ஆனால் அதைக் கேட்டதும் வாசலிலிருந்து அந்த அம்மா உள்ளே வந்தார். கையில் குடம். "அதுக்கென்ன, உள்ள கீழ படுத்தா வண்டிக்கு இடிக்கும், நான் ஹால்ல படுத்துக்கிடுதேன். அவிய கூப்பிட்டாக் கேக்கத்தான செய்யும்" என்றார். சொல்லிவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டார்.

அண்ணன் தம்பியையும் பார்க்கவில்லை, மனைவியையும் பார்க்கவில்லை. சரிந்து கிடந்த செங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, தூக்கி வை" என்று மட்டும் சொன்னார். நான் வண்டியிலிருந்து எழுந்துகொண்டேன், தம்பி அவரைத் தூக்கி அதில் வைத்தார். நான் பஸ்ஸுக்கு வந்துவிட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் கொடுத்திருக்க மாட்டார், வாங்கிக்கொள்ளுகிற யோக்கியதையும் எனக்கு இல்லை.

வீடு முடிந்ததும், கட்டியபடி ஒரு படம் வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். நான்தான் வரைந்தேன். வண்டிக்குப் பழையபடி முழு அளவைக் கொடுத்தேன். கட்டிலை மூன்றடியாக்கினேன். வண்டி வட்டத்துக்குள் திரும்பியது, இந்தத் தடவை நிஜமாகவே. பிறகு ஹாலில், அறைக் கதவை ஒட்டி, ஆறடிக்கு இரண்டரை அடியில் ஒரு கட்டம் போட்டேன். அதற்கு ப்ளாக் எதுவும் எங்களிடம் கிடையாது. கோடாகத்தான் வரைந்தேன்.

எஞ்சினியர் பின்னால் வந்து நின்றார். "ஹால்ல இது என்னம்மா?"

"பாய்."

"பிளான்ல யாரு பாய் போடுவா? எடுத்துரு."

"நீங்களே எடுத்துக்கோங்க" என்று நாற்காலியை விட்டு எழுந்து நின்றேன்.

அவர் மௌஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்தப் படம் பாயோடுதான் பிரிண்ட் ஆகிப் போயிற்று.